மாமியாரின் விமானதள நினைவுகள்: எதை நம்புவது, எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: நான் மதுரைக்காரன். ஒன்பது ஆண்டுகளாக எஸ்டோனியாவின் தார்த்து நகரில் இருக்கிறேன். மனைவி இந்த ஊர்ப் பெண். மாமியார் 1961-ல் பிறந்தவர். நகரின் ஓரத்தில் ராடி என்ற இடத்தில் இருந்த சோவியத் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர். சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் காலத்துக் கதைதான். முதல் வகுப்பில் படிக்கும்போது இறக்கையை மடக்கிக்கொண்டு போன விமானத்தைப் பார்த்தாராம். ஒருநாள் ‘டம்’ என்று ஒரே சத்தம், சமையலறை ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டதாம். கிணற்றுத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாசனை வந்ததாம். பின்னாளில் செச்சென்யாவின் அதிபரான துதாயேவைச் சிறு வயதில் கடையில் பார்த்தாராம். என் மைத்துனர் இணையத்தில் தேடிவிட்டு, ‘பாதி கற்பனை’ என்று அம்மாவிடமே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். என் பிள்ளைகளுக்காக இதையெல்லாம் பதிவு செய்ய ஆசை. எனக்கு எஸ்டோனிய மொழி அரைகுறை. எங்கிருந்து தொடங்குவது? அவரை அந்த இடத்துக்கு அழைத்துப் போகலாமா?

பதில்:

முதலில் மைத்துனரிடம் பேசுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கில் எதையும் கற்பனை என்று தள்ள முடியாது. ஆண்டுதான் இடிக்கிறது. சிறுவயது நினைவின் இயல்பே அதுதான். கண்ணும் காதும் மூக்கும் வாங்கியது பத்திரமாக இருக்கும். தேதி, பெயர், எண்ணிக்கை எல்லாம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது தவறென்றால் உள்ளே இருப்பதும் தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கேள்வி கேட்கும் முறையும் அதிலேயே விளங்கிவிடும்.

மடங்கும் இறக்கை. 1961-ல் பிறந்தவர் ஏழு வயதில் பள்ளிக்குப் போயிருந்தால் அது 1968 செப்டம்பர். பறக்கும்போதே இறக்கையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்ளும் டியு-22எம் குண்டுவீச்சு விமானத்தின் முதல் மாதிரியே 1969 ஆகஸ்டில்தான் பறந்தது. ராடிக்கு அந்த வகை வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அப்படியானால் அவர் பார்த்தது என்ன? அறுபதுகளில் ராடியில் நின்றவை டியு-16 ஜெட் குண்டுவீச்சு விமானங்கள். அவற்றின் முக்கியச் சக்கரங்கள் நந்நான்காகச் சேர்ந்த கட்டு. தரையை விட்டு எழுந்ததும் அந்தக் கட்டு பின்னோக்கி மடிந்து, இறக்கையின் பின்விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும் நீளமான கூண்டுக்குள் போய் அடங்கும். தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஏழு வயதுப் பெண்ணுக்கு, தலைக்கு மேலே இறக்கையில் ஏதோ மடிகிறது, மூடிக்கொள்கிறது. பல ஆண்டு கழித்து டியு-22எம்மைப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகியிருக்கலாம். வேறு விதமாகவும் இருக்கலாம். ஆனால் ‘முதல் வகுப்பில் அது சாத்தியமில்லை’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘மடங்கியபோது விமானம் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா? முழு இறக்கையும் மடங்கியதா, ஏதாவது ஒரு பகுதியா? கையால் செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கை காட்டும் விதத்திலேயே விடை வந்துவிடும். ஆகவே அந்தக் கேள்விக்கு மட்டுமாவது வீடியோவும் ஓடட்டும்.

‘டம்’ சத்தம். டியு-16 ஒலியின் வேகத்தைத் தாண்டாத விமானம். ஒலியை மிஞ்சிப் பறக்கும்போது எழும் ஒலித்தடை வெடிச்சத்தத்தை அது எழுப்பியிருக்க முடியாது. ஆனால் போர் விமானங்கள் மேலே கடந்து போயிருக்கலாம். எண்பதுகளாக இருந்தால் டியு-22எம்மே ஒலியை மிஞ்சும். சத்தத்தின் வடிவத்தைக் கேளுங்கள். ஒலித்தடைச் சத்தம் முன்னறிவிப்பில்லாமல் வரும்; ஒரே அடி, அல்லது ஒட்டி ஒட்டி இரண்டு அடி. கேட்டவுடன் வானத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் விமானம் இருக்காது, கடந்து போயிருக்கும். விமானம் கிளம்பும் சத்தம் அப்படியில்லை. மெல்ல ஏறி, உச்சத்துக்குப் போய், தேய்ந்து மறையும். அப்போது கண்ணாடி விரிசல் விடுவதைவிடக் கிடுகிடுவென ஆடும். மூன்றாவதாக ஒன்று உண்டு: பழுது பார்த்த எஞ்சினைத் தரையிலேயே முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. அது நீளமாக, ஒரே சுருதியில், பல நிமிடம் கேட்கும். ராடியில் சரக்கு விமானங்களும் இருந்தன. முதலில் ஏஎன்-12, பின்னர் ஐஎல்-76. முன்னதில் நான்கு விசிறி எஞ்சின், பின்னதில் நான்கு ஜெட். விசிறியின் ரீங்காரம் வேறு, ஜெட்டின் இரைச்சல் வேறு. அரக்கோணம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2017 மார்ச் வரை பறந்த டியு-142-ம் விசிறி எஞ்சின் விமானம்தான். மாமியாரை வாயால் அந்தச் சத்தத்தை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படுவார், சிரிப்பார், ஆனால் செய்வார். சத்தம் எந்த ஜன்னல் பக்கமிருந்து வந்தது, எது முதலில் ஆடியது, அம்மா என்ன செய்தார் என்பது அடுத்த கேள்விகள்.

கிணறு. இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெட் எரிபொருள் என்பதே சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகைதான். தண்ணீரைவிட லேசானது, ஆகவே நிலத்தடி நீரின் மேல் மிதந்தபடி மெதுவாக நகரும். தொட்டியும் குழாயும் கசிந்தோ, தரையில் கொட்டியோ நிலத்தடி நீர் கெட்டது பல சோவியத் தளங்களில் ஆவணமாகப் பதிவான உண்மை. எஸ்டோனியாவிலேயே தாபா நகரத்துக் கிணறுகள் இதற்குப் பேர்போனவை. மாமியாரின் பழைய வீட்டுக் கிணறு இன்னும் இருந்தால் மோந்து பார்ப்பதோ ருசி பார்ப்பதோ சோதனை ஆகாது. நீர்மேல் வானவில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் சுழன்று மறுபடி கூடிக்கொள்ளும். இரும்புச் சத்தில் வாழும் பாக்டீரியாவின் படலம் ஓடு உடைவதுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். இது முதல் அடையாளம் மட்டுமே. முடிவு ஆய்வகத்தில்தான். எஸ்டோனியச் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்திடம் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன் வகை இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள், கண்ணாடிப் பாட்டிலாகத்தான் தருவார்கள். காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். காற்று தங்கினால் ஆவியாகும் பொருள்கள் அதில் ஏறிவிடும், முடிவு குறைத்துக் காட்டும். இன்று சுத்தமாக இருந்தால் அன்றும் சுத்தமாக இருந்தது என்று அர்த்தமில்லை. ஐம்பது ஆண்டு இடைவெளி இருக்கிறது.

துதாயேவ். அவர் தார்த்துவுக்குக் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் தளபதியாக வந்தது 1987-ல். மாமியாருக்கு அப்போது இருபத்தாறு வயது, ஆகவே ‘சிறு வயதில்’ என்பது பொருந்தாது. ஆனால் பார்த்தது பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர் பணியாற்றிய கட்டடம் நகர நடுவில் இன்று ஹோட்டலாக இருக்கிறது. சுவரில் அவர் பெயரில் நினைவுப் பலகை உண்டு. ஒரு பெயரைத் தினமும் தெருவில் பார்க்கும்போது, பழைய நினைவில் இருக்கும் ஏதோ ஓர் அதிகாரியின் முகத்துக்கு அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொள்வது சகஜம். ‘அன்று கையில் என்ன இருந்தது, கூட யார் வந்தார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். பள்ளிப் பை என்றால் ஆள் வேறு. இடுப்பில் குழந்தை இருந்தது என்றால், அந்தக் குழந்தை உங்கள் மனைவியாகவே இருக்கலாம். ஆளும் சரியாகவே இருக்கலாம்.

ஆண்டைக் கண்டுபிடிக்க ஆண்டைக் கேட்காதீர்கள். எந்த வகுப்பு, எந்த டீச்சர், தம்பி பிறந்துவிட்டானா, வீட்டில் டிவி வந்துவிட்டதா, எந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்று கேளுங்கள். ஊர் அறிந்த நிகழ்ச்சிகளும் உதவும்: 1980-ல் தலைநகர் தாலினில் நடந்த ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டி, 1982 நவம்பரில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் மறைவு, 1994 ஆகஸ்ட் 31-ல் ரஷ்யப் படை எஸ்டோனியாவை விட்டு வெளியேறியது. ‘அதற்கு முன்பா, பின்பா?’ என்றால் போதும்.

இனி பதிவு. பேட்டி எடுக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் மனைவி. மாமியார் எஸ்டோனிய மொழியில், தன் மகளிடம், தன் வேகத்தில் பேச வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் அவர் உங்களுக்குப் புரியும்படி சுருக்கிப் பேசத் தொடங்குவார். சின்னச் சின்ன விவரம் போய்விடும். நீங்கள் ஒலிப்பதிவைக் கவனித்துக்கொள்ளுங்கள். மைத்துனர் முதல் நாள் அறையில் வேண்டாம். ‘கற்பனை’ என்று சொன்னவர் எதிரே உட்கார்ந்திருந்தால் யாருக்கும் பேச வராது.

கருவிக்குப் பெரிய செலவு தேவையில்லை. கையடக்க ரெக்கார்டரும் காலரில் குத்தும் மைக்கும் போதும். மைக் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும்; சால்வை, சங்கிலி, பட்டன் எதுவும் அதில் உரசக் கூடாது. பதிவு டபிள்யூஏவி வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றைத் தடமாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். இடம் மிச்சம் என்று எம்பி3-ல் பதிவு செய்தால் போன தரம் திரும்பாது. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள். அவர் அந்த ‘டம்’மைச் செய்து காட்டும்போது சத்தம் உடையாமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும். போனிலேயே எடுப்பதானால் ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். பாதியில் ஒரு அழைப்பு வந்தால் பல செயலிகளில் பதிவு நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. சமையலறை வசதியான இடம்தான், ஆனால் ஃபிரிட்ஜ் இரைச்சலும் சுவர்க் கடிகாரமும் பதிவில் கேட்கும். கடிகாரத்தை வேறு அறைக்கு எடுத்துப்போங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், மறக்காமல் மறுபடி போடுவீர்கள். ஒரு நிமிடம் சோதனைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்ட பிறகே தொடங்குங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், இருப்பவர்கள் பெயர் மூன்றையும் உங்கள் மனைவி குரலில் சொல்லிவிடட்டும். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டாவது அமர்வை ஒரு வாரம் கழித்து வையுங்கள். முதல் நாள் கிளறிவிட்டது அந்த வாரத்தில்தான் மேலே வரும்.

பேச்சைத் தொடங்கக் கேள்வியைவிடப் பென்சில் நல்லது. ஏ3 தாளை மேஜையில் விரித்து, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன வழியை வரையச் சொல்லுங்கள். வேலி எங்கே, காவல்காரர் நின்ற இடம் எது, எந்த மரத்தில் ஏறினால் ஓடுபாதை தெரியும், எந்த மூலையில் போகக் கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள் என்றெல்லாம் அவரே வரைந்துகொண்டே சொல்வார். இங்கே ஒரு தவறு எல்லோருக்கும் நடக்கும். அவர் விரலை வைத்து ‘இங்கே நின்றோம், அங்கே ஓடினோம்’ என்பார். ஒலிப்பதிவில் விரல் கேட்காது. நாளை உங்கள் பிள்ளை கேட்கும்போது ‘இங்கே’ என்பது எங்குமில்லாத இடம். ஆகவே அவர் தொடும் ஒவ்வொரு புள்ளிக்கும் தாளில் ஓர் எண் போட்டு, உங்கள் மனைவி அதை உரக்கச் சொல்ல வேண்டும்: ‘மூன்றாம் எண், கிணறு.’ தாளின் மூலையில் தேதியும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

‘பயமாக இருந்ததா?’ என்று கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். போதாக்குறைக்கு, பயப்பட்டிருக்க வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகவும் ஆகும். ‘விமானம் போகும்போது டீச்சர் என்ன செய்வார்?’, ‘வெளியே பேசக் கூடாது என்று அப்பா எதைச் சொன்னார்?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை மெதுவாகக் கேட்க வேண்டும். 1949 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எஸ்டோனியாவிலிருந்து சைபீரியாவுக்கு நாடு கடத்தியதைக் கண்ட தலைமுறை அவருடைய பெற்றோர். வாயைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகிய வீடுகள் அவை. அதிகாரிகளின் குடும்பங்கள், அவர்களுக்கென்று தனிக் கடை, ரஷ்ய மொழிப் பள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த விளையாட்டுத் தோழி என்று வரும்போது கோபமும் பாசமும் கலந்தே வரும். இரண்டையும் அப்படியே விடுங்கள். அவர் நிறுத்தினால் பத்து விநாடி சும்மா இருங்கள். கண் கலங்கினால் பதிவை நிறுத்தலாமா என்று கேளுங்கள். பதிவு ஓடும்போது திருத்த வேண்டாம். நான் மேலே சொன்ன ஆண்டுக் கணக்கையெல்லாம் தனித்தாளில் குறிப்பாக எழுதி வையுங்கள். அவர் சொன்னது ஒரு தாள், நீங்கள் சரிபார்த்தது இன்னொரு தாள். இரண்டும் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

சரிபார்க்கப் பொதுவில் விற்ற சோவியத் காலத்து நகர வரைபடத்தை நம்ப வேண்டாம். ராணுவ இடங்களை அவற்றில் காட்ட மாட்டார்கள். தளம் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். அதைவிட நல்லது அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள். 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995-ல் ரகசியம் நீக்கப்பட்டவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தளத்தில் இடத்தையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு. பிற்காலக் கொரோனா கேமராக்களில் தரையில் சுமார் 1.8 மீட்டர் வரை பிரித்துப் பார்க்க முடியும். டியு-16-ன் இறக்கை 33 மீட்டர். அப்படியானால் படத்தில் ஒரு விமானம் பதினெட்டுப் புள்ளி அகலத்தில் சின்ன அம்புக்குறியாகத் தெரியும், எண்ணிக்கூடப் பார்க்கலாம். மேகமில்லாத நாளில் எடுத்த படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எஸ்டோனிய நில, இட மேம்பாட்டு வாரியத்தின் (2024 வரை நில வாரியம்) வரைபடத் தளத்திலும் பழைய வான்படங்கள் உண்டு. மாமியார் வரைந்து முடித்த பிறகுதான் இவற்றைக் காட்ட வேண்டும். முதலில் காட்டினால் நினைவிலிருந்து வரையாமல் படத்தைப் பார்த்து வரைவார்.

வீட்டு ஆல்பத்தையும் எடுங்கள். ராணுவத் தளத்தைப் படம் எடுக்கத் தடை இருந்ததால், யாரும் வேண்டுமென்று எடுத்திருக்க மாட்டார்கள். பிறந்தநாள் படத்தின் பின்னணியில்தான் தேட வேண்டும்: வேலிக் கம்பி, கம்பத்து விளக்கு, தூரத்தில் ஒரு வால் துடுப்பு. அச்சுப் படங்களை 600 டிபிஐ, சிறியவற்றை 1200, நெகட்டிவ்களை 3000-க்குக் குறையாமல் டிஃப் வடிவில் ஸ்கேன் செய்யுங்கள். முதுகுப் பக்கத்தையும் சேர்த்து. அங்கே இருக்கும் மங்கிய பென்சில் எழுத்தில்தான் ஆண்டு இருக்கும். ஒட்டிய படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம்.

எழுத்தாக்கத்துக்கு, எஸ்டோனிய மொழிக்கென்று தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இலவச ஒலி-எழுத்து மாற்றி இருக்கிறது. நன்றாகவே செய்யும்; விமானப் பெயரிலும் இடையில் வரும் ரஷ்யச் சொற்களிலும் சறுக்கும். அதனால் மனைவி ஒருமுறை பதிவைக் கேட்டுத் திருத்த வேண்டும். பிள்ளைகளுக்கான தமிழை அந்த எழுத்திலிருந்து செய்யுங்கள், உங்கள் ஞாபகத்திலிருந்து வேண்டாம். மூலக் கோப்பு மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில். மதுரை வீட்டுக்கு ஒரு டிஸ்க் போகட்டும்.

அந்த இடத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், இரண்டு அமர்வும் முடிந்த பிறகு. அந்த இடம் இன்று முற்றிலும் வேறு. தொண்ணூறுகளில் ஓடுபாதையில் பழைய கார்ச் சந்தை நடந்தது. 2016 அக்டோபரில் எஸ்டோனிய தேசிய அருங்காட்சியகம் அதே ஓடுபாதையின் நீட்சிபோல எழும்பிய கட்டடத்தில் திறந்தது. முதலில் அங்கே போய்விட்டால் அந்தக் கண்ணாடிக் கட்டடம் பழைய படத்தின் மேல் உட்கார்ந்துவிடும். காற்று பலமாக அடிக்கும், மைக்குக்கு மயிர் உறை மாட்டுங்கள். கைவிட்ட பகுதிகளில் மூடியில்லாத சாக்கடைக் குழி, நிலத்தடி எரிபொருள் தொட்டி எல்லாம் இருக்கக்கூடும். தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், ஆவி தங்கியிருக்கும். இன்னதென்று தெரியாத உலோகப் பொருள் கிடந்தால் தொடாமல் விலகி நின்று 112-ஐ அழையுங்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள்.

கடைசியாகச் சம்மதம். பதிவுக்கு முன்னாலேயே ஒரு தாளில் மூன்று வழி எழுதிக் காட்டுங்கள்: குடும்பத்துக்கு மட்டும்; இத்தனை ஆண்டு கழித்து ஆவணக் காப்பகத்துக்கு; இப்போதே யாரும் கேட்கலாம். உங்கள் ஊரிலேயே எஸ்டோனிய இலக்கிய அருங்காட்சியகம் வாழ்க்கைக் கதைகளைச் சேகரிக்கிறது, கொடுக்க நினைத்தால் முதலில் அங்கே பேசுங்கள். அக்கம்பக்கத்தார் பெயர் வரும் பகுதிகளை அவர் தனியாகக் குறித்துத் தரட்டும். அவர்களில் சிலர் இன்னும் அதே தெருவில் இருக்கலாம். அவர் ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று கோடு போட்டால், கோப்பின் பெயரிலேயே அதை எழுதி வைத்துவிடுங்கள்.